ஐந்தாவதாக வந்தவனும் கடற்கரை மணலும்

மார்கழி மழை ஓய்ந்து மைதானத்தில் நின்ற வெள்ளம் வடிந்ததும், மட்டக்களப்பின் நாவற்குடாப் பக்கத்துப் பாடசாலைகளில் சுண்ணாம்புக் கோடு விழத் தொடங்கும். தைப்பொங்கல் கழிந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். இரண்டு மூன்று கிழமைக்குப் பின்னேரங்களில் பிள்ளைகள் ஓடுவார்கள். 100 மீற்றரில் ஒருவன் முந்துவான். "அவன்ட காலே அப்பிடி மனே, அது பிறவி" என்று கோட்டோரத்தில் நிற்கும் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார். முந்தியவன் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று மேலே போவான். ஐந்தாவதாக வந்தவன் வீட்டுக்குப் போவான்.

எனக்கு அந்த ஐந்தாவது பையனில்தான் அக்கறை. பெரிய கொடுப்பினை எதுவும் இல்லாத, ஆனால் திடமான ஒரு சாதாரணப் பிள்ளை முறையாகப் பழகினால் எவ்வளவு வேகம் ஓடலாம்? நமது பயிற்சி முறைக்குள் இந்தக் கேள்வியே இல்லை. ஏற்கெனவே வேகமாக இருப்பவனைப் பொறுக்கி எடுப்பதற்கு அது நல்ல முறை. மற்றவனை வேகமாக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இரண்டு விடயங்கள்தான் மிஞ்சுகின்றன: கடற்கரை மணல் ஓட்டம், மைதானத்தைச் சுற்றி ஓடுவது.

முதலில் மணல். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஒடுங்கிய எழுவான்கரை நிலம். இங்கே பிறந்தவனுக்கு ஓடுவதற்கு மணலைப் போல இலவசமான மைதானம் வேறில்லை. வெள்ளாப்பில் கடற்கரையில் ஓடினால் கால் உரமாகும் என்று தகப்பன்மார் சொல்வது வெறும் நம்பிக்கையும் அல்ல. பெல்ஜியத்தில் செய்யப்பட்டு 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கெட்டியான தரையில் ஓடுவதைவிட மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று அளந்து காட்டியது. கால் புதையும்போது கெண்டைக்காலும் பாதத்தின் சிறு தசைகளும் கூடுதலாக வேலை செய்கின்றன. மூட்டில் விழும் அடியும் குறைவு. சப்பாத்து வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு வெறுங்காலோடு பழகத் தோதான இடம் அதுதான். இவ்வளவும் மணலின் பக்கத்து நியாயம்.

ஆனால் வேகம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. முழு வேகத்தில் ஓடும் நல்ல ஓட்டவீரனின் பாதம் நிலத்தில் நிற்கும் நேரம் செக்கனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இமைப்பொழுதில் குதிநரம்பு இழுபட்டு, வில்லைப் போல வாங்கிய பலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மணல் அந்த வில்லின் நாணைத் தளர்த்திவிடுகிறது. பாதம் புதைந்து, தேங்கி, பிறகுதான் எழும்புகிறது. கிழமைக்கு ஐந்து நாள் அப்படி ஓடுகிறவன் நிலத்தில் தேங்கி நிற்கத்தான் பழகுகிறான். ஓட்டம் தொடங்கி முதல் பத்து மீற்றருக்குள் கால் இயல்பாகவே கூடுதல் நேரம் தரையில் நிற்பதால், அந்தப் பகுதிக்கு மணல் உதவும். அறுபதாவது மீற்றரில் உதவாது. இன்னொன்று, நமது கடற்கரை சரிவானது. நீரோரம் ஓடும்போது ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போகும் வழியிலேயே திரும்பி வந்தால் ஓரளவு ஈடாகும், அவ்வளவுதான். பயிற்சி தொடங்கும் தை மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்றின் கடல் கரையைத் தின்று சரிவை இன்னும் செங்குத்தாக்கி வைத்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மணல் மேட்டில் ஓடி உலகை வென்றவர் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார். அவுஸ்திரேலியாவின் பேர்சி செருட்டி தன் மாணவன் ஹெர்ப் எலியட்டைப் போர்ட்சீ மணல் மேடுகளில் ஏற்றி இறக்கித்தான் பழக்கினார். எலியட் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். வென்றது 1500 மீற்றரில். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தூரத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மணலை விடக் கூடுதலாக எனக்குக் குறை இருப்பது மைதானச் சுற்றில். 100 மீற்றர் ஓட வந்த பிள்ளையும் முதலில் ஆறு ரவுண்ட் ஓட வேண்டும். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது, இடைவெளி விடாமல் ஐம்பது ஐம்பது மீற்றராகப் பத்துத் தடவை. பிள்ளை விழுந்து படுத்தால் பயிற்சி நன்றாக நடந்தது என்று பொருள். களைப்பை உழைப்பு என்று எண்ணும் பழக்கம் இது. முழு வேக ஓட்டத்துக்குத் தசை எரிப்பது பொஸ்போகிரியேற்றின் என்னும் கையிருப்பை. பத்துச் செக்கனுக்குள் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மறுபடி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதனால்தான் பத்து மீற்றர் ஓட்டத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்று குறுந்தூரப் பயிற்சியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 30 மீற்றர் ஓடினால் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் மறுபடி ஓடினால் அது வேறு ஓட்டம். தாங்கும் பலம் வளரும். வேகம் அங்கேயே நிற்கும்.

இதற்காக உடற்கல்வி ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு சேர், அறுபது பிள்ளைகள், வெளிச்சம் போவதற்குள் ஒன்றரை மணித்தியாலம். அறுபது பேரையும் ஒன்றாக ஓட வைப்பது எளிது. முப்பது மீற்றர் ஓடிவிட்டு மூன்று நிமிடம் கதைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை அதிபர் மாடியிலிருந்து பார்த்தால் என்ன நினைப்பார்? சுற்று ஓட்டத்துக்கும் தனிப் பயன் உண்டு. 800, 1500 மீற்றர் பிள்ளைகள் அதில்தான் உருவாகிறார்கள். வீட்டில் கைபேசியோடு கிடக்கும் பிள்ளை வியர்த்துப் போய்ச் சோறு தின்கிறது. அதை 100 மீற்றர்ப் பயிற்சி என்று அழைப்பதுதான் பிழை.

சரி, வேகம் எங்கிருந்துதான் வருகிறது? பீற்றர் வெயான்ட் என்பவரும் கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செக்கனுக்கு 6.2 மீற்றர் ஓடும் சாதாரணர் தொடங்கி 11.1 மீற்றர் ஓடும் வீரர் வரை, பலரை ஓட்டப்பொறியில் ஓடவிட்டு அளந்தார்கள். காலைக் காற்றில் முன்னே வீசி எடுக்கும் நேரத்தில் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நிலத்தை உதைக்கும் பலத்தில் இருந்தது. மிக வேகமானவர் தன் உடல் எடைக்கு ஏற்ப, மெதுவானவரை விட 1.26 மடங்கு பலத்தோடு நிலத்தை உதைத்தார்.

இதை நாமே காலடிகளை எண்ணிச் சரிபார்க்கலாம். உசைன் போல்ட் 2009இல் பேர்லினில் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடியபோது வைத்தது 41 காலடி. செக்கனுக்கு 4.3 காலடி. நமது பையன் ஒருவன் 57 காலடியில், 14 செக்கனில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு நாலுக்குச் சற்று மேல். காலை அடிக்கும் விரைவில் உலக சாதனைக்கும் அவனுக்கும் இடைவெளி மிகச் சொற்பம்! "காலைக் கெதியா அடி, கெதியா அடி" என்று நாம் வெளியிலிருந்து கத்துவது அவனிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டுத்தான். அதே விரைவில், ஒவ்வொரு காலடியும் 10 சென்ரிமீற்றர் நீண்டால் அவன் நேரம் ஏறத்தாழ 13¼ செக்கனுக்கு இறங்கிவிடும். அதற்காகக் காலை முன்னே எட்டிப் போடச் சொன்னால் அது தடை பிடித்தது போலாகும். நிலத்தைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் பலமாகத் தள்ளினால் நீளம் தானே வரும். அந்தப் பலத்தை வளர்க்கக் குந்தி எழும்புதல், ஒற்றைக் காலில் துள்ளுதல், படி பாய்தல் போதும். இரும்பு இல்லாவிட்டாலும் நடக்கும். கரைவலை இழுக்கும் ஆட்கள் மணலில் குதியை ஊன்றிப் பின்னால் சாயும்போது தொடையும் இடுப்பும் செய்யும் வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பயிற்சி நூலிலும் அது இல்லை. ஆனால் மணலுக்கு ஏற்ற பயிற்சி எதுவென்று என்னைக் கேட்டால், ஓடுவதை விட அந்தக் கயிற்றை இழுப்பதைச் சொல்வேன்.

இனி அந்தக் கோட்டோரத் தீர்ப்பு. "பிறவி" என்று சொன்னவர் முழுப் பிழை அல்ல. மைக்கல் லொம்பார்டோ, ரொபர்ட் டீனர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் உச்சக் குறுந்தூர வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முறையான பயிற்சி தொடங்கும் முன்னரே அவர்கள் அயலில் மற்றெல்லோரையும் முந்தியிருந்தார்கள். பத்து வருட உழைப்பு யாரையும் உச்சத்துக்கு ஏற்றும் என்ற கோட்பாடு குறுந்தூர ஓட்டத்தில் எடுபடவில்லை. வேகத் தசை நாரில் சேரும் ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணு ஏசிரிஎன்3. உலகில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட அந்தப் புரதம் உண்டாவதில்லை. உச்ச நிலைக் குறுந்தூர வீரர்களிடையே அப்படிப்பட்டவர் மிக அரிது.

நம் நாட்டையே பாருங்கள். சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி வெண்கலம் வென்றார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிபோன பிறகு அது வெள்ளியாயிற்று. யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96இல் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். இவர்கள் பிறவியில் கொண்டு வந்தது அதிகம். ஆனாலும் யுபுன் அந்த நேரத்தைத் தொட்டது இத்தாலியில் வருடக்கணக்கில் தங்கிப் பயின்ற பிறகு. கொண்டு வந்ததற்கும் அப்படி வேலை தேவைப்பட்டது.

பிறவிக் கதைக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு அநியாயம் வயது. பதின்மூன்று, பதினான்கில் முந்தி வளர்ந்த பையன் பிந்தி வளரும் பையனை மிதித்துவிட்டுப் போவான். ஒரே வயதுப் பிரிவுக்குள் தை மாதம் பிறந்தவனும் மார்கழியில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அந்த வருடம் ஐந்தாவதாக வந்தவன் பதினேழில் என்ன ஓடுவான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிய வரும் முன்னரே அவன் ரியூஷனுக்குப் போய்விடுகிறான்.

என் கணிப்பைச் சொல்கிறேன், கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 14 செக்கனில் ஓடும் வளர்ந்த இளைஞன் கிழமைக்கு மூன்று நாள், முழு வேகம், முழு ஓய்வு, கொஞ்சம் கால் பலம் என்று ஒன்றரை வருடம் பழகினால் 13க்குக் கிட்ட வரலாம். முதல் அரைச் செக்கன் சீக்கிரம் வரும். அது பெரும்பாலும் புறப்படும் முறையில், முதல் பத்து மீற்றரில் உடனே தலையை நிமிர்த்தாமல் இருப்பதில் கிடைப்பது. 12க்குக் கீழே இறங்க அவனிடம் மறைந்து கிடந்த கொடுப்பினை ஏதாவது இருக்க வேண்டும். 11 பெரும்பாலானோருக்கு வராது. நாற்பது தாண்டியவர்களுக்கும் வேகம் கூடும், ஆனால் மெதுவாக ஏற வேண்டும். போட்டி நாளன்று பெற்றோர் ஓட்டத்தில் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, நாற்பதாவது மீற்றரில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு குந்தும் தகப்பன்மாரை வருடா வருடம் பார்க்கிறோம். வேகத்தை அவர்கள் முற்றாக இழக்கவில்லை. இருபது வருடம் அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே.

இந்தக் கணிப்பைச் சரி பிழை பார்க்க நமது மைதானங்களில் வழியில்லை என்பதுதான் எரிச்சல். நிறுத்தற் கடிகாரத்தைக் கையால் அமர்த்தும்போது மின்கருவியை விட ஏறத்தாழ 0.24 செக்கன் குறைவாகக் காட்டும் என்பது உலகம் ஏற்ற கணக்கு. போன வருடம் ஒரு சேரின் கை, இந்த வருடம் இன்னொருவர் கை. முன்னேற்றம் அந்தக் கைகளுக்கிடையிலேயே காணாமற் போகும். ஒரே ஆள், ஒரே கடிகாரம், ஓடி வந்து கடக்கும் 30 மீற்றர், மாசியில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அளந்து எழுதினால் போதும். ஒரு கொப்பியும் பேனையும்தான் செலவு.

போட்டி முடிந்த மாலை ஒன்றில், நடுவர் மேசையில் கிடந்த பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நிகழ்ச்சி, வயதுப் பிரிவு, முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம், இல்லத்தின் பெயர், புள்ளி. நேரம் எழுத ஒரு நிரல் அச்சிடப்பட்டிருந்தது. மேலிருந்து கீழ் வரை அது வெறுமையாக இருந்தது. நாலாவது, ஐந்தாவது இடங்களுக்கு நிரலே இல்லை.