லேபிளும் சான்றும்: பழைய செங்கல்பட்டு மாவட்ட இசைத்தட்டுகளை முன்வைத்து

அரக்கு இசைத்தட்டைச் சான்றாகக் கொள்வோர் பெரும்பாலும் அதன் நடுவிலுள்ள லேபிளை மட்டுமே படியெடுக்கின்றனர். பாடியவர், பாடல், இராகம், நிறுவனம் ஆகியவை அதில் இருப்பதால் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் லேபிள் விற்பனைக்காக அச்சிடப்பட்ட வணிக ஆவணம். பதிவு எப்போது, எவரால் நிகழ்ந்தது என்பதை அது கூறவேண்டும் என்பதில்லை.

அதனைக் கூறவல்லது வரிப்பள்ளங்களுக்கும் லேபிளுக்கும் இடையில் அரக்கிலேயே பதிந்துள்ள மேட்ரிக்ஸ் எண். கிராமபோன் கம்பெனியின் தொடக்ககாலத் தட்டுகளில் இவ்வெண்ணின் பின்னொட்டு எழுத்து, பதிவுப் பொறியாளரையும் தட்டின் அளவையும் சுட்டும். ஒரே பதிவு வேறு வணிகப்பெயரில் மறுவெளியீடு பெறும்போது லேபிளும் விற்பனை எண்ணும் மாறும். மேட்ரிக்ஸ் எண் மாறாது. அழுத்திய இடமும் காலத்தைக் காட்டும்: இந்தியப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவரில் தட்டுகளாயின, கல்கத்தா சியால்தா ஆலை 1908இல்தான் இயங்கத் தொடங்கியது.

வணிகப்பெயரை மட்டும் நம்புவதன் இடரை ‘ஓடியன்’ காட்டுகிறது. முதல் உலகப்போருக்கு முன்பே இந்தியாவில் விற்பனையான இந்த ஜெர்மானியப் பெயர், 1930களில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக மீண்டும் பரவியது. இரண்டையும் ஒரே தொகுதியாக்கினால் கால் நூற்றாண்டு பிழைபடும். ஒலியே இங்குத் துணைச்சான்று: முன்னவை கூம்பு வழிப் பதிவுகள், பின்னவை 1925க்குப் பின் பரவிய மின்பதிவுகள்.

லேபிளிலுள்ள ஊர்ப்பெயரும் கவனத்திற்குரியது. ‘காஞ்சிபுரம்’ என்பது பாடகரின் அடையாளம், பதிவிடம் ஆகாது. மாமல்லபுரத்தில் தருமராச இரதம் என வழங்கும் கோயிலின் மேல்தளக் கல்வெட்டு அதனை ‘அத்யந்தகாம பல்லவேஸ்வரம்’ என்கிறது. வழக்குப்பெயரையும் பொறிப்பையும் பிரித்தறியும் கல்வெட்டியல் முறைமையே தட்டுகளுக்கும் வேண்டும்.

இம்முறைமைக்கும் எல்லை உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தின் தனகோடி அம்மாள் தட்டுகளில் பாடினார். அவருடைய சகோதரியின் மகன் நாயனாப் பிள்ளை (1889–1934) தட்டில் பாட இசையவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு லேபிள் உண்டு, மற்றவருக்கு இல்லை. எனினும் நாயனாப் பிள்ளையின் பாடாந்தரம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா ஆகியோரிடம் தொடர்ந்தது. தட்டுப் பட்டியலையே வட்டார இசை வரலாறாகக் கொண்டால் அவர் அதில் இடம்பெறமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் லேபிள் வாசகம், அரக்குப் பொறிப்பு, ஒலியின் இயல்பு ஆகிய மூன்றும் தனித்தனியே பதியப்படுதல் வேண்டும்; ஊகம் ஊகமென்றே குறிக்கப்படுதல் வேண்டும். அதன்பின்னும் அப்பட்டியல் உரைப்பது பதிவான இசையின் வரலாற்றை மட்டுமே. பாடப்பட்ட இசையின் வரலாறு அதனினும் விரிந்தது.