நோயாளியோடு பேசாத ஆறு ஆண்டுகள்

நீட் முடிவு வந்த கையோடு ஊர் ஊராக வெளிநாட்டு மருத்துவக் கல்விக் கண்காட்சிகள் தொடங்கிவிடுகின்றன. அங்கே இப்போது ஒரு வாதம் ஓங்கி ஒலிக்கிறது: வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கான பயிற்சியையும் கல்லூரியே சேர்த்துத் தருகிறது, ஆகவே ஊர் திரும்பியதும் தேர்ச்சி உறுதி. கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இந்த அளவுகோல் போதும் என்று படித்த பெற்றோரும் நம்புகிறார்கள். இது தவறான அளவுகோல்.

வெளிநாடு போவதே பிழை என்று நான் சொல்லவில்லை. இங்குள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது; கிர்கிஸ்தானில் ஓரிரு ஆண்டுக்கான அந்தப் பணத்தில் முழுப் படிப்பும் முடிந்துவிடும். அப்படிப் படித்துத் திரும்பிய நல்ல மருத்துவர்கள் நம் மாவட்டங்களில் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி.) 2021 விதிகளும் தேவையானவையே: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதி.

ஆனால் ஆங்கிலவழி என்ற நிபந்தனை வகுப்பறையோடு நின்றுவிடுகிறது. வார்டுக்குள் நுழையும் மாணவரின் எதிரே படுத்திருப்பவர் ரஷ்யமோ கிர்கிஸோ ஜார்ஜியமோ பேசுபவர். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, முன்பும் வந்திருக்கிறதா என்று கேட்டு, பதிலிலிருந்து நோயை நெருங்குவதுதான் மருத்துவத்தின் முதல் பாடம். மொழி தெரியாமல் அதை எப்படிக் கற்பது? மொழி வகுப்பு நடத்துகிறார்கள், உண்மைதான். கடைக்குப் போய்வர அது போதும். மூச்சுத் திணறும் மூதாட்டி விட்டுவிட்டுச் சொல்வதைப் புரிந்துகொள்ளப் போதாது. பேராசிரியர் விளக்க, மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டுவிட்டுத் திரும்புவதைக் கல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் குறையை எஃப்.எம்.ஜி.இ. பயிற்சி தீர்க்காது. அந்தத் தேர்வு கணினியில் எழுதும் 300 கொள்குறி வினாக்கள். 150 எடுத்தால் தேர்ச்சி. 2023 ஜூனில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே தேறினார். ஆனால் என் கவலை தேறாதவர்களைப் பற்றி மட்டுமல்ல. தேறியவர் ஒரு நோயாளியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்திருக்கிறாரா என்று அந்தத் தேர்வு கேட்பதே இல்லை. கண்ணாடிவிரியன் கடித்தவரையும் உண்ணிக்காய்ச்சலில் கிடப்பவரையும் பலர் முதல்முறையாகப் பார்ப்பது இங்கே சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாய மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான். ஆறு ஆண்டில் கற்க வேண்டியதை ஓராண்டில், இரவுப் பணிகளுக்கு நடுவே கற்கிறார்கள். கட்டணம் வாங்குவது அங்கே. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு இங்குள்ள மருத்துவமனைகளுக்கு. அதுவரை விலை கொடுப்பவர் நோயாளி.

'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளை அங்கீகரித்து ஆணையம் பட்டியல் வெளியிடுவதில்லை.

பணம் கட்டுமுன், அந்தக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். சென்ற மாதம் எத்தனை நோயாளிகளிடம் நீயே கேட்டு கேஸ் ஷீட் எழுதினாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கல்லூரி வேண்டாம். கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.