மழைமுகத்துச் சன்னல்கள்

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை போதும், சன்னல் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, அகலவாக்கில்தான் உப்பும். இதறிந்த ஆசாரி கோடையில் கதவு கோக்கும்போதே கொஞ்சம் இடம் விட்டுவைப்பார். மழைக்காலத்தில் இழைப்புளியால் ஓரத்தைச் சீவுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும். பங்குனியில் அதே கதவில் விரல் நுழையும் சந்து விழும்.

மழையை எதிர்கொள்வதில் நம் ஊர்ப்பக்கத்து வீடுகள் ஒரே வழியில் போகவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் கொட்டும் குமரி மாவட்டத்தில், மரத்தை மழை தொடவே விடக்கூடாது என்பதுதான் கொள்கை. பத்மநாபபுரம் அரண்மனையில் ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நீண்டு, தாழ இறங்குகிறது. அதன் நிழலில் மர அழிகள் காற்றை விட்டு, சாரலை மட்டுப்படுத்துகின்றன. அந்தப் பக்கம் முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரத்துக்குப் பூசும் வழக்கமும் உண்டு. ஈரத்துக்கும் கறையானுக்கும் அது காவல்.

செட்டிநாட்டில் மழை குறைவு. அங்கத்து வீடுகளில் பர்மா தேக்கின் வைரமே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் சாய்பட்டைக் கதவுகள். காற்றும் வரும், நீரும் வழியும். அழகில் இதற்கு ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் பட்டை சட்டத்தில் நுழையும் மூட்டு ஒவ்வொன்றும் நீர் தங்கும் குழி. கடற்காற்று சாரலைப் படுக்கைவாட்டில் அடிக்கும் ஊரில் உளுப்பு அங்கேதான் தொடங்கும். ஆகவே, என் ஓட்டு இறவாரத்துக்கே.

இன்றைய வீடுகளில் இறவாரத்தின் இடத்தில் இரண்டடி சன்ஷேடு நிற்கிறது. மழை 45 பாகைச் சாய்வில் அடித்தால் அதற்குக் கீழே இரண்டடிதான் நனையாது; நாலடிச் சன்னலின் கீழ்ப்பாதி மழைக்குத்தான். எனவே அடிக்கட்டையின் மேல்முகம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். சுவரைத் தாண்டி நீளும் அதன் அடிப்பக்கத்தில் நீளவாட்டில் ஒரு காடி ஓட வேண்டும். அடியோடு ஊர்ந்து வரும் நீர் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். அந்தக் காடி இல்லையென்றால் நீர் சுவர்வரை போய் நிலையின் காலை நனைக்கும்.

நான் குடியிருந்த ஒரு வீட்டில் சன்னலின் அடியிடுக்கை மழை வராதிருக்க சிலிகானால் அடைத்தார்கள். மேல் மூட்டு வழியாக இறங்கிய நீருக்கு வெளியே போக வழியில்லை. இரண்டே மழைக்காலத்தில் நிலையின் கால் கையோடு உதிர்ந்தது.

மரத்தின் பக்கங்களைவிட வெட்டுமுனைதான் நீரை வேகமாகக் குடிக்கும். ஆனால் பெயின்ட் அடிக்கும்போது, வெட்டுமுனை இருக்கும் கதவின் அடிவிளிம்புதான் விட்டுப்போகிறது. யார் கண்ணுக்கும் படாத இடம் அது. புதுக்கதவு வந்ததும் நான் முதலில் அடியில் விரலோட்டிப் பார்ப்பேன். சொரசொரப்பாக இருந்தால், கீலைக் கழற்றி, கதவைக் கவிழ்த்து, அந்த விளிம்புக்குத்தான் முதல் பூச்சு.