மெய்க்கீர்த்தி என்னும் சொல்

பினாங்குத் தமிழ்க் கூட்டங்களில் 'கடாரங் கொண்டான்' என்னும் விருதுப்பெயர் ஒலியாத மேடை அரிது. கடலுக்கு அப்பால் தோன்றும் கெடாவே அக்கடாரம் என்று பேசுவோர் கை நீட்டிய அளவில் கரவொலி விண்ணைப் பிளக்கின்றது. கை தட்டுவோருட் பலர், கூலியாட்களாய்க் கப்பலேறி வந்த தம் முன்னோரின் பெயரையும் அறியார். இராசேந்திர சோழனை நன்கறிவர். இதற்கெல்லாம் ஊற்று அம்மன்னனுடைய மெய்க்கீர்த்தியே. அச்சொல்லை ஒருமுறை பிரித்து நோக்குவோம்.

கீர்த்தி வடசொல், எடுத்துரைத்தல் என்னும் பொருளுள்ள அடியிற் பிறந்தது. கீர்த்தனம் அதன் உடன்பிறப்பு. ஆகவே ஒருவனைப்பற்றிப் பிறர் உரக்கக் கூறுவதே கீர்த்தி. மெய்யோ தமிழ், உண்மைக்கும் உடலுக்கும் பெயர். வடமொழியாளர் அரசப் புகழுரையைப் பிரசஸ்தி என்ற அளவில் நிறுத்தினர். அஃது உண்மையென்று அப்பெயரிலேயே சத்தியம் செய்தாரில்லை. நம்மவர் செய்தனர். 'சுத்தமான நெய்' என்று பலகை தொங்கும் கடையிலே எனக்கு உண்டாகும் ஐயம் ஈண்டும் உண்டாகின்றது.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்திலேதான் இது கல்வெட்டுக்களின் முகப்பில் நிலைத்த வாசகமாயிற்று. ஆட்சியாண்டு ஏற ஏற, வெற்றிகளும் ஏறின. ஆதலின் காலங் கணிப்பார்க்கு இது பெருந்துணை. பின்வந்த பாட்டியல் நூலார் இதற்கு இலக்கணமும் கூறினர். இவற்றை மறுப்பாரில்லை.

எனினும், 1025-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பை இராசேந்திரனது தஞ்சைக் கல்வெட்டிற் காண்க. தோற்ற நாடும் ஊருமாக 13 பெயர்கள் உண்டு. பிடிபட்ட கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயர் உண்டு. கவர்ந்த யானைகளும் வித்தியாதரத் தோரணமும் உண்டு. கலஞ் செலுத்தினவன் யார்? கடலில் மாண்டோர் எத்துணையர்? ஒரு சொல்லும் இல்லை. சுமார் 20 ஆண்டுகட்கு முன்னர், கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தானே, அந்நட்பு என்னவாயிற்று? அதுவும் இல்லை.

அதே தஞ்சைக் கோயிலில் வேறொரு கல்வெட்டு உளது. இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டி அது. இன்ன தெரு, இத்தனையாம் வீடு, இன்ன ஊர்த் தளியிலிருந்து வந்தவள், இன்ன பெயரினள் என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியே குறித்து, தலைக்கு 100 கலம் நெல் பங்கென்றும் வரைந்துளர். அவர்கள் விரும்பி வந்தனரா என்று கல் சொல்லவில்லை. ஆயினும், தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் ஆட்பெயர் எழுதும் கிராணியாகிய யான், மெய் என்னும் அடைமொழியை அப்பட்டிக்குக் கொடுத்திருந்தால் மறுத்திரேன்.