கொச்சை என்ற ஒரே கூடை

இன்றைய இளைஞர்கள் தமிழைக் கெடுத்துவிட்டார்கள் என்ற புலம்பல் மேடைக்கு மேடை கேட்கிறது. மொக்கை, கெத்து, மெர்சல் எல்லாம் சாட்சிக்கு இழுத்துவரப்படுகின்றன. சினிமாவும் கைபேசியும் வரும்வரை பேச்சு தூய்மையாக இருந்தது என்பது இவர்கள் நம்பிக்கை. வரலாற்றில் இதற்கு இடமில்லை, இலக்கணத்திலும் இல்லை.

தொல்காப்பியம் வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லை நால்வகைச் சொற்களில் ஒன்றாக ஏற்றது. நன்னூல், ஒரு கூட்டத்தார் தமக்குள் புழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று தகுதி வழக்கில் சேர்த்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றதும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. வேடர் கள்ளுக்கு வைத்த பெயர் 'சொல்விளம்பி'. குடித்தவன் உள்ளத்தில் உள்ளதையெல்லாம் சொல்லவைக்கும் பொருளுக்கு இதைவிட நல்ல பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க முடியாது.

அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளிலும் இந்த ஏற்பு தொடர்ந்தது. வீரமாமுனிவர் கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பேச்சுச் சொற்களையும் ஊர்ச் சொற்களையும் குறிப்போடு சேர்த்துக்கொண்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆவது ஒலித்திரிபு. ஊருக்கு ஊர் மாறுவது வட்டார வழக்கு. தொழிலிலும் கூட்டாளிகளுக்கிடையிலும் பிறப்பது குழூஉக்குறி. மூன்றையும் கொச்சை என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டுப் பேசுவதால்தான் இந்த விவாதம் நகரவே மாட்டேன் என்கிறது.

கூடையிலிருந்து வட்டார வழக்கை முதலில் மீட்டது புனைகதை. புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சுக்குக் கதையில் உட்கார இடம் கொடுத்தார். 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு விவசாயி செய்த அந்த மகத்தான காரியத்தின் வழியில் பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அகராதி செய்தார்கள்.

வயற்காட்டுச் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை நகரத்துத் தெருச் சொல்லுக்குக் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சை அதன் முழுக் கோபத்தோடு எழுதினார். ஜி. நாகராஜன் 'நாளை மற்றுமொரு நாளே'யில் சட்டத்துக்கு வெளியே வாழ்கிறவர்களின் உலகத்தை, ஒப்பனை இல்லாமல், ஒரே நாளுக்குள் காட்டினார். ஆனால் திரைப்படம் மெட்ராஸ் பாஷையை நகைச்சுவை நடிகர்களிடம் ஒப்படைத்தது. உழைக்கிறவர்களின் மொழி பல பத்தாண்டுகள் சிரிப்பதற்கான சங்கதியாகவே திரையில் ஒலித்தது. அந்தச் சிரிப்பில் சாதியும் வர்க்கமும் கலந்தே இருந்தன.

மெட்ராஸ் பாஷைச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் ஏளனத்துக்கு ஆதாரமே இல்லை. கஸ்மாலம் வடமொழிச் சொல். பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயத்திலேயே கிருஷ்ணன் அர்ச்சுனனின் சோர்வைக் குறிக்க அதைச் சொல்கிறான். பேஜார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. கலீஜுக்கு வேர் அரபியில். துட்டு டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். துறைமுகமும் பட்டாளமும் சந்தையும் சேர்ந்து வளர்த்த நகரம் இப்படித்தான் பேசும். அதைச் சீரழிவு என்கிறவர்கள் சென்னையின் வரலாற்றையே படிக்க மறுக்கிறார்கள்.

பாமாவின் 'கருக்கு' (1992) தலித் பேச்சு மொழியிலேயே தன் கதையைச் சொல்லித் தமிழ் உரைநடையை உலுக்கியது. சிந்தாதிரிப்பேட்டையை எழுதிய தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) நகரப் பேச்சைக் கேலிக்கு வெளியே கொண்டுவந்தது. எழுத்தாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். பின்தங்கி நிற்பவர்கள் அகராதிக்காரர்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நம் காலத்தின் ஆகச் சிறந்த அகராதிப் பணி என்றாலும் அதன் அடித்தளம் எழுத்துத் தமிழே. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகரின் சொல், காசிமேட்டு மீன் ஏலத்தின் சொல், ஆட்டோ நிறுத்தத்தின் சொல், கல்லூரி விடுதியின் சொல் என ஒவ்வொன்றையும் யார், யாரிடம், எந்த ஆண்டில் சொன்னார்கள் என்ற குறிப்போடு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். சந்தைகள் இடம் மாறுகின்றன, தொழில்கள் மறைகின்றன. பேசியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் களப்பணி தொடங்க வேண்டும்.