இரண்டு விரலுக்கு ஒரே குரல்

பாஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடம் வலது கையைப் பற்றிப் பேசினால், பேச்சு உடனே வேகத்துக்குப் போய்விடுகிறது. மூன்று விரலில் வாசிக்கும் பில்லி ஷீஹனைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு விரல் போதாதோ என்று கவலைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒற்றை விரலில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கும் பாஸ் இவருடையது. பள்ளி நாட்களில் டபுள் பாஸ் பழகியவர். அந்தக் கையோடுதான் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸுக்கு வந்தார். தந்தியை மீட்டுவது ஆள்காட்டி விரல் மட்டுமே. அந்த விரலைக் ‘கொக்கி’ என்றே அழைத்தார்கள். 1971இல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாடலைக் கேளுங்கள். அவ்வளவு நெளிவு சுளிவுகளுக்கும் ஒரே விரல்தான்.

அது எப்படி முடிந்தது? ஒரே விரல் என்பதால் ஒவ்வொரு சுரமும் ஒரே எடையில் விழுந்தது. இரண்டு விரலில் வாசிப்பவருக்கு வேகம் கூடும். ஆனால் இந்தச் சீர்மை தானாக வராது, பாடுபட்டுப் பெற வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்தில் வேறு, பலத்தில் வேறு. கவனிக்காமல் விட்டால் ஒன்று ‘டும்’ என்னும், மற்றது ‘டிம்’ என்னும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. தாளம் நொண்டுகிறது என்று மட்டும் தெரியும்.

இந்தக் குறை அம்பலமாகும் இடம், அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் புகழ்பெறச் செய்த குதிரைப் பாய்ச்சல் நடை. 1983இல் வந்த ‘தி ட்ரூப்பர்’ நல்ல உதாரணம். ஒரு நீளம், இரண்டு குறுக்கம் என மும்மூன்று அடியாக ஓடும் நடை அது. விரல்களை மாறி மாறி வைத்தால், முதல் பாய்ச்சலை ஆள்காட்டி விரல் தொடங்கும், அடுத்ததை நடுவிரல் தொடங்கும். இரண்டுக்கும் எடை ஒன்றாக இல்லாவிட்டால் குதிரை நாலடி போவதற்குள் தடுக்கும்.

எங்கே திருத்துவது? முதலில், விரல் போய் நிற்கும் இடம். தந்தியை மேல்நோக்கிச் சுண்டி இழுக்கக் கூடாது. விரல் நுனி தந்தியை உள்பக்கமாகத் தள்ளிக் கடந்து, அடுத்த தடித்த தந்தியில் சாய்ந்து நிற்க வேண்டும். இதில் இரண்டு லாபம்: ஒவ்வொரு மீட்டலும் ஒரே தூரம் போகிறது, சாய்ந்த விரல் அந்தத் தடித்த தந்தியை ஊமையாக்கி வைக்கிறது. மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது, விரல் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அதே விரலால் தொடர்ந்து மீட்டிவிடலாம். வசதியான வழிதான். ஆனால் அவசரப்பட்டால் இரண்டாவது சுரம் தாளத்துக்கு முன்பே விழுந்துவிடும்.

அடுத்தது கட்டைவிரல். பலர் அதை பிக்கப் மேல் வைத்து அப்படியே மறந்துவிடுகிறார்கள். மெல்லிய தந்திகளுக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து, சும்மா கிடக்கும் தடித்த தந்திகளைத் தொட்டு அடக்க வேண்டும். மிகத் தாழ்ந்த ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்வது; அதை அடக்காமல் விட்டால், மற்ற தந்திகளில் வாசிப்பதெல்லாம் அதன் முழக்கத்தில் குழம்பிப் போகும். சுரத்தைத் தொடங்குவதில் காட்டும் அக்கறையை முடிப்பதிலும் காட்ட வேண்டும். டவர் ஆஃப் பவர் குழுவின் ராக்கோ பிரெஸ்டியாவைக் கேட்டால் இது விளங்கும். 1973இன் ‘வாட் இஸ் ஹிப்?’ பாடலில் பொழிகிற ஒவ்வொரு சுரமும் இடது கையால் உடனுக்குடன் அடக்கப்படுகிறது. கேட்கிற நமக்கு அது பாஸ் பாதி, டிரம்ஸ் பாதி.

மூன்றாவது, மீட்டும் இடமும் அழுத்தமும். கழுத்துப் பக்கம் மீட்டினால் நாதம் உருண்டையாக வரும். பிரிட்ஜ் பக்கம் போனால் தந்தி விறைப்பாக இருக்கும், ஒலி கூர்மையாகும். ஜேகோ பாஸ்டோரியஸின் தனித்த குரலுக்கு அவர் பிரிட்ஜ் அருகே மீட்டியதும் ஒரு காரணம். எங்கே மீட்டினாலும் மென்மையாக மீட்டுங்கள். சத்தம் வேண்டுமானால் ஆம்பைக் கூட்டுங்கள். ஓங்கி அடித்தால் தந்தி ஃபிரெட்டில் மோதிக் கடகடக்கும், விரலும் சீக்கிரம் களைக்கும். மணிக்கட்டு செங்குத்தாக மடங்கியிருந்தால் வாரின் உயரத்தை மாற்றி அதை நிமிர்த்துங்கள். வலியோ மரமரப்போ வந்தால் நிறுத்திவிட வேண்டும். விடாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியோடு வாசிப்பது வீரமில்லை.

பயிற்சிக்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரே தந்தியில், ஒரே சுரத்தை, அடிக்கு நான்காக வாசியுங்கள். முதல் சுற்றை ஆள்காட்டி விரலில் தொடங்குங்கள், அடுத்ததை நடுவிரலில். போனில் பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எந்தச் சுரம் எந்த விரல் என்று காதால் பிரிக்க முடிந்தால், வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. பிரிக்க முடியாத நாளில் மெட்ரோனோமை 65க்கு ஏற்றுங்கள்.

கிரிக்கெட்டில் வேகம் மட்டும் உள்ள பந்துவீச்சாளருக்கு ரன் குவியும். லைனும் லெங்தும் பிடித்தவருக்கே விக்கெட் விழும். பாஸிலும் கணக்கு அதுதான். மூன்றாவது விரலைச் சேர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருக்கும் இரண்டு விரலும் ஒரே குரலில் பேசட்டும்.