தகட்டில் இல்லாத பெயர்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், போட்மின் மூர் என்னும் காற்று வீசும் மேட்டுநிலத்தில் இருக்கிறது ஜமைக்கா இன். 1750இல் குதிரைவண்டிப் பயணிகளுக்காகக் கட்டிய விடுதி. இன்று அங்கே மதுக்கூடம், உணவகம், கடத்தல்காரர் அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. டாஃப்னி டு மாரியர் 1936இல் இதே பெயரில் எழுதிய நாவல்தான் அதற்குப் புகழ் தேடித்தந்தது. நாவலைப் படித்துவிட்டுத்தான் நான் அங்கே போனேன்.

மதுக்கூடத்தின் தரையில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். ஜாஸ் மெர்லின் கொலையுண்ட இடம் இது என்கிறது அது. சாப்பிட வந்தவர்கள் குனிந்து படித்துச் சிரிக்கிறார்கள். ஜாஸ் ஒரு கற்பனைப் பாத்திரம்: விடுதிக்காரன், கப்பல்களைப் பாறையில் மோதவைத்துக் கொள்ளையடிப்பவன், மனைவியை நடைப்பிணமாக்கியவன். அந்த மனைவி பேஷியன்ஸும் அதே இரவில்தான் கொல்லப்படுகிறாள். தகட்டில் அவள் பெயர் இல்லை.

இதைக் கடத்தல்காரர்களின் சாகசக் கதையாகவே பலரும் வாசிக்கிறார்கள். என் வாசிப்பில் கதையின் அச்சம் கடற்கரையில் தொடங்குவதில்லை, வீட்டுக்குள் தொடங்குகிறது. தாயை இழந்த 23 வயது மேரி யெல்லன், தாயின் சகோதரியைத் தேடி அங்கே வருகிறாள். அவள் நினைவில் இருந்தவள் சிரித்துப் பேசும் அழகி. கண்ணெதிரே நிற்பவளோ கணவனின் குரலுக்கே நடுங்குகிறாள். மேரியால் தப்பி ஓடிவிட முடியும். பேஷியன்ஸை விட்டுப் போக மனமில்லாமல்தான் தங்குகிறாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கைவிட மறுப்பதே இந்தக் கதையை நடத்திச் செல்கிறது.

பேஷியன்ஸின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. ஆனால் வண்டிகள் நிற்காத அந்த வீட்டிலிருந்து அவள் எங்கே போவாள்? கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை அந்நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

டு மாரியர்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பேஷியன்ஸின் மரணத்தை அவர் விரைந்து கடந்துவிடுகிறார். முடிவில் மேரி, ஜாஸின் தம்பி ஜெம்மின் வண்டியில் ஏறுகிறாள். அண்ணனின் சாயல் தம்பியிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே போகிறாள். அதைச் சுபமான முடிவாக என்னால் வாசிக்க முடியவில்லை. அடுத்த பேஷியன்ஸ் உருவாகக்கூடும் என்ற கவலையோடுதான் புத்தகத்தை மூடினேன்.

பேஷியன்ஸ் என்றால் பொறுமை. அந்தக் குணத்தைப் போற்றுகிறவர்கள், அது ஒருத்தியை என்ன செய்தது என்று இந்த நாவலில் பார்க்கட்டும்.